பிடித்தம் ரூபாய் இரண்டு

முனீஸ்வரன் கோயில் தெருவில்
பேரேடுகளை எடைக்குத்தான் போடுகிறார்கள்.
தராசின் மறுதட்டில் ஒரு பித்தளைக் கூஜாவை வைத்து
"ரெண்டும் ஒரே கனம்தான் சார், எது வேணும்?" என்றார் ஹபீப்.
காகிதத்தை எடுத்துக்கொண்டேன்.
கிலோ நூற்று நாற்பது.

முதல் பக்கத்தில் உ. அதன் கீழே லாபம்.
அதன் கீழே பந்து.
பந்து ஒன்று, பிளாடர் இரண்டு, தையல்கூலி,
காற்றடித்த வகையில் மூன்றணா.

பகலில் நான் செக்காலை ரோட்டில்
ஜிஎஸ்டி கணக்குப் போடுகிறவன்.
தேவகோட்டையில் ஒரு கம்பெனி
பதினோரு பேரைச் சம்பளத்துக்கு அமர்த்திப்
பந்தாட விட்டதை
வேறெங்கும் படித்ததில்லை.

விளம்பி வருஷம், மாசி பதினேழு.
பஞ்சாங்கத்தைப் புரட்டி இங்கிலீஷ் தேதிக்கு மாற்றினால்
1959 மார்ச் ஒன்று, ஞாயிறு.
கேடயத்துக்கான கடைசி ஆட்டம்.
எதிரே தங்கவயல்காரர்கள்.
எலுமிச்சம்பழம் நாற்பது.
ஐஸ் கட்டி, காரைக்குடியிலிருந்து, வண்டிச்சத்தம் சேர்த்து.
ரெப்ரிக்கு வேட்டி ஒரு ஜோடி.
ஆட்டத்துக்கு முன்பா பின்பா,
கணக்குப்பிள்ளை சொல்லவில்லை.

எப்படி முடிந்தது என்று சொன்ன வாரப்பத்திரிகை
கண்டனூரில் ஒரு பீரோவுக்குள் ஒரே ஒரு பிரதி இருந்தது.
முதல் பாதியைப் படிக்கலாம்.
இரண்டாம் பாதியை இராமபாணம் ஆடிவிட்டது,
தலைப்பிலிருந்து கடைசி வரிவரைக்கும்
தடுக்க ஆளில்லாமல்.
மிச்சம் விட்டது இவ்வளவு:
மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தங்கவயல்.
அப்புறம், லத்தீப், பர்ணபாஸ், ராயலு மற்றும் பலர்.

இந்த மற்றும் பலரோடுதான் எனக்கு வழக்கு.

கோல் போட்டவன் எந்தப் பக்கத்தானாக இருந்தாலும்
கம்பெனி இரண்டு ரூபாய் கொடுத்தது. அவர்கள் பவிசு அப்படி.
லத்தீப் வகையில் இரண்டு. மறுபடி லத்தீப், இரண்டு.
பர்ணபாஸ் இரண்டு. ராயலு இரண்டு.
கூட்டினால் எட்டு ரூபாய், நாலு கோல்.
பத்திரிகையில் ஐந்து.

ஒரு கோலைத் தேடி இரண்டு வருஷம்.
கூட்டல் பிசகோ என்று பார்த்தால்
ஐந்தொகை காலணா சுத்தமாய் நிற்கிறது.
ஒட்டிக்கிடந்த இரண்டு பக்கங்களுக்கு இட்லிப் பானை ஆவி காட்டினேன்.
உள்ளே ஒரு கொசு இருந்தது, நல்ல நிலையில்.

பிறகுதான் மாசி இருபது, சம்பளப் பட்டுவாடா:
சந்தியாகு, லெப்ட் பேக், பன்னிரண்டு.
பிடித்தம் இரண்டு. நிகரம் பத்து.
காரணம் எழுதும் கட்டத்தில் ஒன்றுமில்லை.

பூட்ஸைத் தொலைத்திருக்கலாம்.
சோடா பாட்டிலை உடைத்திருக்கலாம்.
அந்தக் காலத்தில் இரண்டு ரூபாய்
எத்தனையோ குற்றங்களுக்கு விலை.
ஒற்றைச் சான்றை வைத்துக்கொண்டு
ஒருத்தன் காலில் ஒரு கோலைக் கட்டமாட்டேன்.
பென்சிலால் கேள்விக்குறி போட்டு மூடிவைத்தேன்.

போன மாதம் சருகணியிலிருந்து போன்.
தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்,
ஆரோக்கியசெல்வி என்று பெயர்.
"பழைய பந்தாட்டக் கணக்கெல்லாம் சேக்குறீங்களாம்ல.
எங்க அப்பாவும் ஆடுனவருதான், சந்தியாகுன்னு.
கேடயத்து ஆட்டத்துல ஒரு கோல் போட்டாராம்,
மைதானமே எந்திரிச்சு நின்னுச்சாம்.
ஈஸ்டருக்கு ஈஸ்டர் சொல்லுவாரு.
சொல்லிட்டு ரொம்ப நேரம் சிரிப்பாரு."

பேனாவைத் தேடிக்கொண்டே கேட்டேன்:
எந்தப் பக்கத்து வலையில்?

அந்த முனையில் குக்கர் ஒரு விசில் அடித்தது.
"அதை நாங்க யாரும் கேக்கலையே" என்றார்.

ஆக, சான்று இரண்டு.
ஒன்று காசைப் பிடித்துக்கொண்டது. ஒன்று சிரித்தது.
கேள்விக்குறியை அழித்துவிட்டு மையால் எழுதினேன்:
சந்தியாகு, சருகணி. சேம்சைடு கோல்.
அது ஐந்தாவதா, மூன்றாவதா, தெரியாது.
நிமிடம் எழுதும் கட்டம் காலி.

அவருக்கு ஒரு பிரதி அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன்.
உறையில் விலாசம் எழுதியாயிற்று, ஸ்டாம்பும் ஆயிற்று.
மூன்று நாளாக மேஜைமேல் கிடக்கிறது,
வாய் ஒட்டாமல்.