ஏழாம் நம்பர் அறை

விடுதிப் பதிவேட்டில் மேலாளர் எழுதியிருந்தார்:
ஏழாம் நம்பர் அறை, கட்டிலுக்கு அடியில்,
வெள்ளை சாக்ஸ் ஒற்றை, படப் புத்தகம் ஒன்று.
மூன்று மாதம் யாரும் வந்து கேட்கவில்லை.
சாக்ஸைக் குப்பையில் போட்டார்.
புத்தகத்தை என்னிடம் நீட்டினார்,
துவைக்கக் கொடுப்பதைப் போல.

எந்த ஊர் எழுத்தோ.
துணி எடுத்த பிறகு கொடியில் மிஞ்சுகிற
கிளிப்புகள் மாதிரி வரிவரியாய்த் தொங்குகிறது.
நமக்குப் படம்தான்.
ஒரு திமிங்கிலம்
ஓட்டுவீட்டைத் தொப்பியாகப் போட்டிருக்கிறது.
ஒரு ஆள் கெண்டியைச் சாய்த்துத்
தன் நிழலைக் கோப்பையில் ஊற்றுகிறான்.
பதினோராம் பக்கத்தில் ஒரு கட்டில்
நாலு காலால் நடந்து பாலம் கடக்கிறது,
மேலே தூங்கும் பிள்ளையைச் சிந்தாமல்.

பெனினாவுக்கு ஐந்து முடியப்போகிறது.
எட்டரை மணிக்குக் கம்பளிக்குள் கால் நுழைத்து
"படிம்மா" என்பாள்.
படிக்கிறேன்.
திங்கட்கிழமை அந்த ஆள் தபால்காரன்.
செவ்வாய்க்கிழமை மறந்துபோய்ப்
பல் டாக்டராக்கிவிட்டேன்.
"நேத்து லெட்டர் குடுத்தானே?"
"ஸ்டாம்பு நக்கி நக்கிப் பல்லு கெட்டுப்போச்சு.
அதான் அந்த வேலைக்குப் போயிட்டான்."
யோசித்தாள். சரி என்றாள்.
புதன்கிழமை அவளாகவே சொன்னாள்,
அந்த நிழலுக்குச் சர்க்கரை போதாதாம்.

பகலில் நாற்பது விரிப்பு துவைக்கிறேன்.
கோடைக்கானலில் வெயில் வருமென்று நம்பிக்
காயப்போடுகிறவளுக்கு
கதை கட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

அக்டோபர் மழை. ஒரு ராத்திரி
நாயுடுபுரம் முழுக்க கரண்ட் இல்லை.
மொபைல் வெளிச்சத்தில் பாலம் வரைக்கும் வந்திருந்தோம்.
ஜன்னல் கண்ணாடியில் யாரோ
ஈரமாக மூச்சு விட்டார்கள்.

காட்டுமாடு.
குழாயடியில் அதன் பாதி, இருட்டில் மீதி.
முதுகில் மூட்டம் ஏறி உட்கார்ந்திருந்தது.
போன மாதம் பால் ஊற்றும் கிரகோரியைத் தூக்கி எறிந்தது
இதுவோ, இதன் தம்பியோ.
எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பெனினா எண்ணினாள்.
முழங்காலுக்குக் கீழே வெள்ளையாய்
ஒன்று, இரண்டு, மூன்று.
நாலாவது கால் சேற்றில் கறுத்திருந்தது.
"ஒண்ணு காணோம்மா.
சாக்ஸ் தேடி வந்திருக்கு."
கண்ணாடியில் வாய் வைத்து, நான் இழுப்பதற்குள்,
"எங்ககிட்ட இல்ல.
ஏழாம் நம்பர் ரூம்ல கேளு" என்றாள்.

அது கேட்டுக்கொண்டது என்று நான் சொல்லமாட்டேன்.
ஒரு காதை ஆட்டியது.
குழாயைக் கொஞ்சம் நக்கியது.
பிறகு சரிவில் இறங்கிப்போனது,
விடுதி இருக்கிற பக்கமாக.
அவள் புத்தகத்தை மூடாமலே தூங்கிப்போனாள்.
நான் விடியும்வரை
கட்டிலின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

காலையில் மேலாளரிடம் கேட்டேன்:
"சார், அந்த ஒத்தை சாக்ஸ், எந்தக் குப்பையில போட்டீங்க?"
"ஏன், யாராவது வந்தாங்களா?"
"உரியவங்க வந்திருந்தாங்க. ராத்திரி."
அவர் பதிவேட்டைப் புரட்டி,
பேனா மூடியைக் கழற்றி,
என்னைப் பார்க்காமலே
"பேர்?" என்றார்.