முட்டைக் கணக்கு

தக்கலையில் இறங்கி ஆட்டோ பிடித்து வருகிறவர்கள்
அரண்மனையைப் பார்க்கும் முன்
என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.
கழற்றுங்க என்பேன்.
தகர டோக்கன் ஒன்று தருவேன்.
செருப்பு தமிழ்நாட்டில் நிற்கும்,
கால் மட்டும் கேரளத்துக்குள் போகும்.

நம்பமாட்டார்கள்.
மண் கன்னியாகுமரி மாவட்டம்,
கரண்டுக் கம்பம் நம்முடையது,
வெளியே மழையில் நனையும் பஸ்ஸும் நம்முடையது.
ஓட்டுக்குக் கீழே வந்துவிட்டால்
சாவிக்கொத்து திருவனந்தபுரத்துக்காரர்களிடம்.
டிக்கெட்டை வாசிச்சுப் பாருங்க என்பேன்.
மேலூர்க்காரர் ஒருவர் பயந்தே போனார்:
"அப்போ வண்டிக்கு பர்மிட் போடணுமோ?"
வெறுங்கால்தான் சார் பர்மிட்.

ஆறு வருஷமாய் இந்தப் பலகைக்குப் பின்னால்.
டீ குடிக்க வரும் கைடு சிந்துலேகா
பாதி மலையாளத்தில் சொன்னதெல்லாம்
எனக்கும் மனப்பாடம்.
மூலிகை மரம் அறுபத்துநாலு சேர்த்து ஒரு கட்டிலாம்.
ஊட்டுப்புரையில் ஒரே பந்திக்கு ஆயிரம் இலையாம்.
ஒரு வாய்கூடச் சாப்பிடாத நான்
அதைச் சொல்லும்போது கையைக் கழுவியவள்போல் சொல்வேன்.

திரும்பி வருகிறவர்கள்
முதலில் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பார்கள்.
அழுக்கே இல்லை.
அந்தக் கறுப்புத் தரை அப்படி.
சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளை
என்று கைடு சொல்லியிருப்பாள்.
அடுத்த கேள்வி என்னிடம்:
எத்தனை முட்டை?

யாருக்குத் தெரியும்?
எந்தக் கணக்குப்பிள்ளை எண்ணினான்?
பத்தாயிரம் என்று முதலில் சொல்லிப் பார்த்தேன்.
சிரித்தார்கள்.
ஒன்பதாயிரத்து நானூற்றிப் பதினொண்ணு என்றேன்.
பேனாவை எடுத்தார்கள்.
அந்தப் பதினொண்ணுதான் விஷயம்.
முழு எண்ணைச் சந்தேகப்படும் சனம்
மிச்சத்தில் விழுந்துவிடுகிறது.

சும்மா சொன்னதுதான்.
ஒரு சனிக்கிழமை, கூட்டம் நெருக்க,
பன்னிரண்டாம் நம்பர் ஹீல்ஸ் ஒன்று
யாரும் கேட்டு வராமல் கிடந்த நாளில்,
நேரம் போகாமல் சொன்னது.

போன மார்கழியில்
குலசேகரத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வரிசை.
வெள்ளைச் சட்டை, எண்ணெய் வழியும் தலைகள்.
டீச்சர் பேர் ஜெபமலர் என்று பின்னால் தெரிந்தது.
என் பலகைக்கு முன்னாலேயே நின்று
பிள்ளைகளிடம் கத்திச் சொல்கிறாள்:
"ஒன்பதாயிரத்து நானூற்றிப் பதினொண்ணு முட்டை!
எல்லாரும் எழுதுங்க!"

என் பொய் சட்டை போட்டு, தலை சீவி,
என் வாசலிலேயே வந்து நிற்கிறது.
எழுத்தில் எழுதும் சத்தம்.
டீச்சர், அது நான் அடிச்ச கணக்கு என்று
வாய்வரை வந்தது.
நாற்பது ஜோடி செருப்பை அடுக்கவேண்டியிருந்தது.

அப்போது வரிசையின் கடைசியில் ஒரு பயல்,
வாரில் ஊக்கு குத்திய செருப்பு,
டோக்கன் நாற்பத்தொண்ணு,
நோட்டை மூடிவிட்டுக் கேட்டான்:
"டீச்சர், மஞ்சக்கருவ எல்லாம் என்ன செய்தாவ?"

டீச்சர் கைடைப் பார்த்தாள்.
சிந்துலேகா ஆபீஸ் கதவைப் பார்த்தாள்.
ஆபீஸ் வெளியே வந்து
என்னைப் பார்த்தது.

கணக்கு பொய்தான்.
ஆனால் மஞ்சள்?
ஒரு முட்டையை உடைத்திருந்தாலும்
ஒரு மஞ்சள் எங்கேயோ போயிருக்க வேண்டும்.
யார் வீட்டுச் சட்டிக்கு?
சுமந்தவளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்களா?
தரை தேய்த்தவன் பிள்ளைகள்
அந்த மாசம் முழுக்க மஞ்சளாய் ஏப்பம் விட்டார்களா?
மணிக்கூண்டு அடித்தது.
எத்தனை என்று எண்ண விட்டுப்போனேன்.

போகும்போது அவன் டோக்கனை நீட்டினான்.
ஊக்கை அழுத்திவிட்டு,
"அக்கா, தெரிஞ்சா சொல்லணும்,
நான் இன்னொரு நாளு வாறேன்" என்றான்.

திங்கக்கிழமை லீவு,
அது தவிர என்றைக்கும் வா என்றேன்.