நடுவில் நிற்கும் லிவர்

பின்னேரம் ஆறு பத்துக்கு
கையை முழுதாக உயர்த்தி நிறுத்தி
எஞ்சினை அணைத்தோம்.
வாளிப்பல் நின்ற உயரத்தை
மதிலில் வெண்கட்டியால் கீறினேன்.
ஆறு நாற்பதுக்கு ஒரு சாண் கீழே.
ஏழரைக்கு என் இடுப்பளவு.
விடிய வந்து பார்க்க
புத்தூர்ச் செம்மண்ணில் நாலு பல்லும் பதித்து
கிடந்தது பெக்கோ,
இரவு முழுக்க ஏதோ தேடியது மாதிரி.

என்னைவிட மூன்று வயது இளைய மெசின்.
மஞ்சளைச் சுரண்டினால் கீழே இன்னொரு மஞ்சள்,
அதற்கும் கீழே யாரோ ஒரு கொம்பனியின் பச்சை.
லீசிங் மட்டும் புதுசு.

"சிலிண்டர் சீல் போட்டுது" எண்டார்
சுன்னாகத்துக் கராஜ்காரர்.
மாற்றினோம். முப்பத்தெட்டாயிரம்.
இறங்கியது.
"சீல் கள்ளச் சாமான்" எண்டார்.
திரும்ப மாற்றினோம்.
இறங்கியது.
மூன்றாம் தரம் அவர் மெசினைப் பார்க்கவில்லை,
ஜெசிந்தனைப் பார்த்தார்.
"பொடியன் லிவரில கைபட இறங்கியிருப்பான்."

நானும் பார்த்தேன்.
அதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

உரும்பிராயில் மலகூடக் குழி வெட்டிய நாள்.
அவன் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள்
அந்தரத்தில் விட்டுப்போன வாளி
மெல்ல, ஒரு சத்தமும் இல்லாமல் வந்து
புதுக் கொங்கிறீற் வளையத்தின் விளிம்பில் குந்தியது.
பிறகுதான் சத்தம்.
"லிவர் நடுவிலதான் நிண்டது அக்கா" என்றான்.
அரைநாள் சம்பளத்தை வெட்டி
கொப்பியை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை கராஜ் பூட்டு.
எனக்குத் தெரிந்தது கணக்கு மட்டும்.
சிலிண்டருக்குள் இரண்டு அறை, நடுவே சீல்.
பாரம் தாங்கும் அறையில் எண்ணெய் குறைகிறதென்றால்
ஒன்றில் பக்கத்து அறைக்குப் போயிருக்கும்,
இல்லாவிட்டால் வந்த வாசலாலேயே
திரும்பிப் போயிருக்கும்.
லாச்சியில் காசு குறைந்தால் நான் தேடுவது
இப்படித்தான்.

கைக்குக் கீழே சிலிப்பர்க் கட்டை இரண்டு, குறுக்காக.
கீழே ஒருவரும் நிற்கவில்லை.
பாரமில்லாத பக்கத்துக் குழாயை
ஏணியில் நின்று ஜெசிந்தன் கழற்றினான்.
வாயின் கீழே ஒரு பால்மாப் பேணி.

தேங்கி நின்றது முதலில் கொட்டியது.
பிறகு சொட்டு.
பிறகு ஒரு சொட்டுக்கும் மறு சொட்டுக்கும் இடையில்
ஒரு மோட்டார் சைக்கிள் வந்து, கடந்து, தேய்ந்து போனது.
பிறகு இல்லை.

கை மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

சொப்பிங் பையில் ஒரு துண்டு கிழித்து
திறந்த வாயில் பிடித்தான்.
விசுக்கென்று உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொண்டது.
அந்த அறை எண்ணெயை வாங்கவேயில்லை,
காற்றைத்தான் குடித்தது.

சீலில் பிழையில்லை.
இரண்டு தரம் மாற்றி
நாலு தரம் ஏசப்பட்ட சீல்.

வால்வைத் திறந்து ஸ்பூலை இழுத்தோம்.
கண்ணுக்குத் தெரியவில்லை,
நகத்துக்குத் தட்டுப்பட்டது:
நீளவாக்கில், மயிரளவு ஒரு கீறல்.
எத்தனை கிணற்றுச் சுண்ணக்கல் தூசோ.
லிவர் நடுவில் நின்றால்
மூடியிருக்க வேண்டிய கதவு அது.
மூடித்தான் இருந்தது.
தேய்ந்த கதவும் மூடித்தான் இருக்கும்.

ஜெசிந்தன் ஒன்றும் சொல்லவில்லை.
சேட்டு நுனியால் ஸ்பூலைத் துடைத்தான்,
தேவைக்கு மேல் நேரம் எடுத்து.
கொப்பியைத் திறந்து அரைநாளைத் திருப்பி எழுதினேன்.
காசை எண்ணித்தான் வாங்கினான்.
எண்ணாமல் வாங்கியிருக்கலாம் என்று
நினைக்க எனக்கு உரிமையில்லை.

பஞ்சிகாவத்தையில் ஸ்பூல் தனியாக இல்லையாம்,
முழு பிளொக்காம்.
விலை சொன்னபோது
போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.
அடுத்த மாதமாகும். அதற்கடுத்ததாகவும் ஆகலாம்.

அதுவரைக்கும்
தேத்தண்ணிக்குப் போகும்போதெல்லாம்
வாளியை நிலத்தில் வைத்துவிட்டுத்தான் போகிறான்.
இறங்கி நாலடி நடந்து, திரும்பி,
என்னைப் பார்த்து லிவரைக் காட்டுகிறான்.
நடுவில்.

பகிடியோ
இல்லையோ
இன்னும் எனக்குப் பிடிபடேல்லை.