மூன்றாவது மாடி வரை

தும்மினால் நனைகிறது.
இதைச் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆனது,
அதுவும் கணவரிடம் இல்லை,
ஈசூன் பலதுறை மருந்தகத்தில்
என்னைவிட இளைய ஒரு டாக்டரிடம்,
அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது.

அதற்கு முன்பே ஒரு தனியார் நிலையத்துக்குப்
போன் போட்டுப் பார்த்திருந்தேன்.
முதல் சந்திப்பு இருநூற்று இருபது வெள்ளி,
அப்புறம் ஒவ்வொரு முறையும் நூற்று அறுபது.
நான் கணக்கு எழுதுகிறவள்.
அடுத்தவன் கம்பெனி நட்டத்தைக்கூட
ஒரு வரிக்குள் அடக்கிவிடுவேன்.
நோட்டில் எழுதினேன்:
பால்மாவு, டயப்பர், பராமரிப்பு நிலைய முன்பணம்,
அதன் கீழே, இடுப்பு.
இடுப்பை அடித்துவிட்டேன்.
கூட்டுத்தொகை சரியாக வந்தது.

பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான்
என்று அலுவலகத்தில் மூன்று மொழிகளில் சொன்னார்கள்.

மானியம் உண்டு, கடிதம் தருகிறேன்,
வரிசைதான் கொஞ்சம் நீளம்,
என்றார் இளைய டாக்டர்.
பதினோரு வாரம்.
அதற்குள் மகள் குப்புறக் கவிழ்ந்து
நிமிர்ந்து உட்காரவும் கற்றுக்கொண்டாள்.
நான் ஒருபக்கமாக உட்காரக் கற்றுக்கொண்டேன்.
ரயிலில் இடம் தந்தவரிடம்
பரவாயில்லை, நிற்கிறேன் என்றேன்.
நிற்பதும் வலிதான்.
ஆனால் எழுந்திருக்க வேண்டியதில்லை.

சுழியத்திலிருந்து பத்துக்குள்
வலி எவ்வளவு என்று கேட்டார் நூர் ஃபாத்தின்.
ஊதாத் தலைத்துணி, ஒட்ட வெட்டிய நகம், சூடான கை.
நான் யோசித்தேன்.
காலையில் கடுப்பு.
படி இறங்கினால் குத்தல்.
மழை பெய்தால் வாலெலும்புக்குள் ஒரு குடைச்சல்.
தையல் போட்ட இடத்தில் சுரீர்,
பால் கொடுத்துவிட்டு எழுந்தால் விண்விண்,
இரவு மூன்று மணிக்குப் பெயரே இல்லாத ஒன்று.
இத்தனைக்கும் சேர்த்து ஓர் எண்.
ஐந்து, என்றேன்.
அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு
ஏழு என்று எழுதினார்.

படுங்கள். முட்டியை மடக்குங்கள்.
அடிவயிற்றுக்குக் கீழே
ஒரு மின்தூக்கி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.
கதவு மூடுகிறது. மெல்ல மேலே.
இரண்டாவது மாடி. மூச்சைப் பிடிக்காதீர்கள்.
மூன்றாவது...

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் புளோக் மின்தூக்கி
போன வாரம்தான் பழுதாகிக் கிடந்தது.
பன்னிரண்டு மாடி,
இடுப்பில் மகள், கையில் ஐந்து கிலோ அரிசி,
ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று
அடுத்தவர் வீட்டுச் செருப்புகளை எண்ணினேன்.
சிரித்ததில் உள்ளே இருந்தது
கீழ்த்தளத்துக்கே இறங்கிவிட்டது.
பரவாயில்லை, என்றார் ஃபாத்தின்,
பொத்தானை மறுபடி அழுத்துங்கள்.

முப்பத்தெட்டு வெள்ளி.
இன்னும் ஐந்து முறை வர வேண்டுமாம்,
எல்லாமே வெள்ளிக்கிழமை.
ஐந்து வெள்ளிக்கு நூற்றுத் தொண்ணூறு வெள்ளி.
ஐந்து அரைநாள் விடுப்பை
எந்தப் பத்தியில் எழுதுவது என்று
இன்னும் தெரியவில்லை.

வலி போய்விட்டதா என்றால், இல்லை.
மூன்றாவது மாடி வரை போகிறது,
ஆறு எண்ணும்வரை நிற்கிறது,
பிறகு தானே இறங்கிவிடுகிறது.
பேருந்தில் செய்கிறேன்,
மேலாளர் பேசும்போது செய்கிறேன்.
யாருக்கும் தெரியாது.

நேற்று மாலை மின்தூக்கியில்
ஒன்பதாம் மாடி சியூ லிங்.
நெஞ்சில் கட்டிய துணிக்குள் ஆறு வாரப் பிள்ளை.
அவள் தும்மினாள்.
சட்டென்று கால்களைப் பின்னிக்கொண்டு
எண்கள் மாறுவதையே பார்த்தாள்.

எனக்கும்தான், என்றேன்.
கைப்பையிலிருந்து ரசீதை எடுத்தேன்.
சரியானதா என்று அவள் கேட்கவில்லை.
எவ்வளவு, என்றாள்.
முப்பத்தெட்டு. ஆனால் பதினோரு வாரம்,
நாளைக்கே போய்க் கடிதம் கேள்.

ஒன்பதாம் மாடியில் கதவு திறந்தது.
அவள் இறங்கவில்லை.