ஏழெட்டு

ஒரே அறை, இரண்டு வகுப்பு.
மூன்றாம் வகுப்புக்குப் பலகை மேற்குச் சுவரில்,
நான்காம் வகுப்புக்குக் கிழக்கில்.
நடுவே நடந்துகொண்டே இருப்பார்
ஞானாபரணம் சார்.
பாடத்துக்காக நடக்கிறாரா குளிருக்காக நடக்கிறாரா
கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.

சாத்தான்குளத்துப் பக்கம், தேரிக்காட்டு மனிதர்.
இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு கோட்டு,
காதை மூடி மப்ளர்.
வாயைத் திறந்தால் முதலில் ஆவி வரும்,
பிறகுதான் வாய்ப்பாடு வரும்.

"உங்க ஊர் வெயில் எப்படி சார் இருக்கும்?"
காலாண்டு லீவு முடிந்து வந்த திங்கட்கிழமை
ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி உடைத்துத் தந்து
"இப்படித்தான்" என்றார்.
வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்,
வெயில் கறுப்பாக இருக்கும்
பல்லில் ஒட்டும் என்று.

நான் மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசை.
மாதி நான்காம் வகுப்பின் கடைசி வரிசை.
ஆக, முதுகுக்கு முதுகு.
கோத்தகிரி மழை ஓட்டு விரிசலில் இறங்கி
சாக்கு விரிப்பை நனைக்கிற ஜூலையில்
எனக்கு வாய்த்த ஒரே கணப்பு அவள்தான்.
முகம் பழகும் முன்பே முதுகு பழகிவிட்டது:
இடது தோள் எலும்பு சற்றுத் துருத்தியிருக்கும்,
அவள் இருமினால் நான் குலுங்குவேன்.

நாங்கள் கப்பலில் வந்தவர்கள்.
எனக்குக் கொப்பி, அவளுக்கு நோட்டு.
அவள் வீட்டில் படுகு,
என் வீட்டில் ஹட்டன் தோட்டத்துத் தமிழ்.
முதுகுகள் அதையெல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஏழெட்டு?" என்பார் சார், என்னைப் பார்த்து.
நான் எழுந்து நிற்பதற்குள்
திரும்பாமலே கையைப் பின்னால் வளைத்து
மாதி எழுதிவிடுவாள், ஒரு ஐந்து, ஒரு ஆறு.
போன வருஷப் பாடம், அவளுக்கென்ன.
வளைந்த கையில் சிலநாள் ஆறு தலைகீழாகும்,
ஐம்பத்தொன்பது என்று சொல்லி
ஸ்கேலால் வாங்கியிருக்கிறேன்.
அவள் சிரிப்பதும் முதுகில்தான் தெரியும்.

ஒருநாள் சார் பார்த்துவிட்டார்.
"உன் முதுகுக்குத் தெரிஞ்சது
உனக்கு எப்பம்மா தெரியும்?"
அவ்வளவுதான். சாக்பீஸைத் தட்டிக்கொண்டு
கிழக்குப் பலகைக்குப் போய்விட்டார்.
மறுநாளும் எங்களை
இடம் மாற்றி உட்காரவைக்கவில்லை.

பிறகு
பச்சைத்தேயிலை கிலோ ஏழு ரூபாய்க்கு விழுந்த வருஷம்
மாதி நடத்திய சீட்டு உடைந்தது.
என் பணம் எழுபதாயிரம்.
எடுத்தவன் ஓடிவிட்டான், அவள்
நகையை விற்று ஊருக்குக் கட்டிக்கொண்டிருந்தாள்,
அதெல்லாம் அப்புறம் தெரிந்தது.
அதற்குள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
முட்டைக்கோஸ் குவியலுக்கு நடுவே நின்று
சொல்லிவிட்டேன், "முதுகில் குத்திவிட்டாள்."
எந்த முதுகு என்று யோசிக்கவில்லை.

ஓய்வு பெற்று ஊர்போன சார்
பொங்கலுக்கு ஒரே கார்டுதான் போடுவார்,
என் விலாசத்துக்கு.
கீழே எப்போதும்
நடுங்காத கையெழுத்தில் ஒரு வரி:
"மாதிக்கும் காட்டு."
அலமாரியில், ரேஷன் அட்டைக்கு அடியில்
ஏழெட்டுக் கார்டு சேர்ந்துவிட்டது.

போன வியாழக்கிழமை, குன்னூர் பஸ்.
கம்பியைப் பிடிக்கக்கூட இடமில்லை.
கண்ணாடி முழுக்க மூடுபனி,
யாருடைய கூடையிலிருந்தோ ஈரக் கேரட் வாசனை.
முதுகில் ஒரு விரல்.
ஐந்து.
ஒரு வளைவு திரும்பும் வரை ஒன்றுமில்லை.
பிறகு ஆறு.

இந்த முறை ஆறு நேராக இருந்தது.

"உள்ள போங்க, உள்ள போங்க" என்று
கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார்.
போகவில்லை.
உடனே திரும்பவும் இல்லை.
கட்டபெட்டு வரும்வரை
கொஞ்சம் பின்னால்
சாய்ந்திருந்தேன்.