தரக்குறி

களஞ்சியக் கூரையில் ஒன்பது மீற்றர்க் கம்பம்.
அதன் நுனிக் குழாய்
பத்துச் செக்கனுக்கு ஒருதரம்
சம்மாந்துறையை ஒரு மிடறு உறிஞ்சும்.
வெப்பம், ஈரம், அமுக்கம், காற்றின் திசை,
பத்து இலட்சத்தில் காபனீரொட்சைட்டு எத்தனை பங்கு.
எல்லாம் ஒரு வரியாகி
நான் தேத்தண்ணி ஊற்றி முடிக்குமுன்
உலகத்துக்குப் போய்விடும்.
கடவுச்சொல் இல்லை. காசில்லை.

கம்பம் நட்ட கிழமை
கேம்பிலிருந்து இருவர் வந்தார்கள்.
இது யார் பேசுவதைக் கேட்கிறது?
காற்றைத்தான், என்றேன்.
கேட்டதை யாருக்குக் கொடுக்கும்?
கேட்கிற எல்லாருக்கும்.
அந்தப் பதில்தான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.
இளையவன் மட்டும் ஏணியில் இறங்கும்போது
நாளைக்கு மழையா என்று சிங்களத்தில் கேட்டான்.
மகியங்கனைப் பக்கம் வீடாம்,
நெல் காயப்போட்டிருக்கிறார்களாம்.

ஆனியில் திசை இருநூற்று நாற்பத்தேழு பாகை.
பாகை யாருக்குத் தெரியும், அது கச்சான்:
உதடு வெடிக்கும்,
மில்லின் உமித்தூள் கண்ணுக்குள் வந்து குந்தும்,
காரணமில்லாமல் வீட்டுக்கு வீடு சண்டை.
குறிப்புப் பெட்டியில் கச்சான் என்று தமிழில் அடித்தேன்.
பேர்கனில் அது ஏழு கேள்விக்குறிகளாகத் திறந்ததாம்.
ஓட்வார் எழுதியிருந்தார், மழை ஓயாத ஊர்க்காரர்.
அதே கடிதத்தில் இன்னொன்றும் கேட்டார்:

ஏழு நாளுக்கு ஒருமுறை
கிரினிச் ஏழு மணியளவில் உங்கள் காபன் ஏறுகிறது.
இருபது பங்கு, சிலவேளை இருபத்தைந்து.
பிறகு தானாக இறங்குகிறது.
அருகில் என்ன ஆலை?

கிரினிச் ஏழு என்றால் இங்கே பன்னிரண்டரை.
ஆலை இல்லை, ஓட்வார்.
கூரைக்குக் கிழக்கே பள்ளி. நாள் வெள்ளி.
கடற்காற்று எடுக்கும் நேரம்.
ஆயிரத்திச் சொச்சம் பேர் தோளோடு தோள் நின்று
மூச்சு விடுகிறார்கள்.
வாசலில் முந்நூறு மோட்டார் சைக்கிள்,
அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாளே பதில். மரியாதையான பதில்.
அழகு என்று தொடங்கி, ஆனாலும் என்று திரும்பியது:
தயவுசெய்து தரக்குறி இரண்டு போடவும்.
பூச்சியம் நல்லது. ஒன்று ஐயம்.
இரண்டு உள்ளூர் மாசு. ஒன்பது, தரவு இல்லை.

அவர் சொன்னது சரி.
பூமி சூடாவதைக் கணக்கிடுகிறவருக்கு
எங்கள் ஜும்ஆ இடைஞ்சல்.
பழைய வெள்ளிகளையெல்லாம் தேடித் தேடிப் போட்டேன்.
இரண்டு, இரண்டு, இரண்டு.

அப்படி வரும்போதுதான்
பள்ளி பூட்டிக் கிடந்த காலம் வந்தது.
நானூற்றுப் பதினாறு. பதினைந்து. பதினாறு.
காற்றில்லாத நாளின் வாய்க்கால்போல் கோடு.
என் விரலுக்கு வேலையே இல்லை.
பூச்சியம், பூச்சியம்,
நல்ல தரவு.
வாப்பாவை ஓட்டமாவடிக்குக் கொண்டுபோன வெள்ளியும்
அதற்குள்தான் இருந்தது.
நல்ல தரவு.

முந்தின ஏற்றங்களில் அவருடைய மூச்சு எத்தனை பங்கென்று
ஒரு இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
கருவியின் பிழை எல்லைக்குள்
காணாமல் போகிறது.

இன்று வியாழன், வடிகட்டி மாற்றும் நாள்.
பழையது உமிச்சாம்பலில் கறுத்திருந்தது;
உறையிலிட்டுத் திகதி எழுதினேன்.
திரையில் இருநூற்று நாற்பத்தேழு பாகை.
குறிப்புப் பெட்டியில்
மறுபடியும் தமிழிலேயே அடித்தேன்.
ஏழு கேள்விக்குறிகள்
போகட்டும்.