வாலின் நுனியில் வாலின்

யோதெபோரியில் மணி நான்கு. அதற்குள் இருட்டு.

வளர்ச்சிக் காரணிக்கு ஒரு வாலுண்டு,
வாலின் நுனியில்
வாலின் என்னும் அமினோ அமிலம்.
இந்தச் சிலேடை யோர்டிஸுக்குக் கிடையாது;
அவள் மொழியில் வால் என்றால் திமிங்கிலம்.

அந்த ஒன்றைத்தான் வெட்டினாள், இலையுதிர்காலத்தில்.
இன்று நுண்ணோக்கியில்
உட்கருவைச் சுற்றியே சுருண்டு கிடக்கிறது பச்சை ஒளி.
உள்வலையின் மடிப்புகளை விட்டுப் புறப்படவே இல்லை.
செல்லின் விளிம்பு வெறும் கறுப்பு.
மூன்று மாதம், எட்டு முயற்சி,
குறிப்பேட்டில் ஒரே வரி:
வெளியே வரவில்லை.

பக்கத்துக் கிண்ணத்தில் வெட்டாதது.
அது விளிம்புவரை வந்துவிட்டது.
சவ்வில் கால் ஊன்றி,
கத்தரி நொதி வந்து அறுத்துவிடக் காத்திராமல்
அண்டைச் செல்லின் ஏற்பியைத்
தொட்டுக்கொண்டிருக்கிறது.
அங்கே ஏதோ பற்றிக்கொள்கிறது, கருவரைக்கும்.

ஆக, புறப்பட்டுப் போகாமலும் சொல்லலாம்.

பதினோராம் எண் டிராமில்
பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிச் சரிகிறார்,
ஈரக் கம்பளிக் குல்லாய் அவள் தோளில்.
நகர்ந்துகொள்ளும் வழக்கமுள்ள ஊர்.
யோர்டிஸ் நகரவில்லை.

இறங்கவேண்டிய நிறுத்தம் போயிற்று.
அடுத்ததும்.